அவளிடம் படித்த கேமரா

பச்சை விளக்கு எரிந்தது.

எரிந்திருக்கக் கூடாது. அந்தப் பனியனின் கழுத்துப் பட்டியில் தையல் விட்டுப்போய் ஓட்டை ஒன்று 'ஆ'வென்று திறந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் 'நல்ல பீஸ், போகலாம்' என்கிறது கேமரா.

இன்ஜினியர் ஷாமிலி இன்னொரு பனியனை வைத்தாள். அதிலும் அதே ஓட்டை. அதற்கும் பச்சை.

அந்த மேசையில் தினமும் செக்கிங் பார்க்கும் அவள், பக்கத்தில் நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நல்லவேளை, சாப்பாட்டு நேரம். லைனில் மிஷின்கள் ஓய்ந்திருந்தன. சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"எண்ணெய்க் கறையைப் பிடிக்குதுங்க்கா. நூல் பிசிறைப் பிடிக்குது. கழுத்துப் பட்டின்னா மட்டும் கண்ணை மூடிக்குது. இப்படி யாருங்க்கா இதுக்குச் சொல்லிக் குடுத்தது?"

யார் சொல்லிக் கொடுத்தது!

நாலு மாதமாக அந்தக் கேமரா அவள் தலைக்கு மேல்தான் தொங்குகிறது. மேசைக்கு வரும் ஒவ்வொரு பீஸையும் படம் பிடிக்கும். அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினால் நல்லது, சிவப்பை அழுத்தினால் கெட்டது. அப்படியே பார்த்துப் பார்த்துப் படித்துக்கொள்ளும். அவளை விட்டால் அதற்கு வேறு வாத்தியார் கிடையாது.

அந்த லைனில் கழுத்துப் பட்டி தைப்பது ஒரே ஆள்.

சென்னியப்பன். அவள் புருஷன்.

கொஞ்ச காலமாக அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரிவதில்லை. ஒத்துக்கொள்வானா? அந்த மனுஷனா! இருபது வருஷம் பழகிய கைக்குக் கண் எதற்கு என்பான். துணி ஊசிக்குச் சிக்காமல் நழுவும். அவன் பாட்டுக்கு அடுத்த பீஸை எடுப்பான்.

சிவப்பு விழுந்தால் டெய்லர் பெயர் ஆபீசுக்குப் போகும். வாரத்துக்குப் பத்து தரம் போனால் சீட் போச்சு. தையலை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது. அது போனால் ஆள் உடைந்து போவான்.

அதனால் பச்சையை அழுத்தினாள்.

அழுத்திவிட்டுப் பீஸை மடிக்கு இறக்குவாள். லைனில் கைஊசி வைத்திருப்பதே குற்றம். அவள் முந்தானைக்குள் குத்தி வைத்திருந்தாள். உள்பக்கமாக நாலு தையல். ஓட்டை மூடிவிடும். சத்தியமாக, ஒரு பீஸ்கூடக் குறையோடு வெளியே போனதில்லை.

கேமரா படம் பிடித்ததோ அவள் மூடுவதற்கு முன்னால்.

பாவம், அது என்ன செய்யும்? சென்னியப்பன் விட்ட தையல் குறையே இல்லை என்று ஒழுங்காக மனப்பாடம் செய்துவிட்டது.

அடுத்த மாதம் அவள் பேக்கிங்குக்குப் போகிறாள். மேசை முழுக்க இனி கேமராவின் பொறுப்பு. மடியில் வைத்துத் தைக்க ஆள் இருக்காது. பெட்டி பெட்டியாக ஓட்டைப் பனியன் கப்பலேறும்.

"நாந்தானுங்க," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவரைக் காட்டிக் குடுத்துப் போடாதீங்க. என்னைய வேணா நிறுத்தச் சொல்லுங்க."

ஷாமிலி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நானும் மூணு நாளா சாஃப்ட்வேர்ல தப்புன்னு மண்டையை உடைச்சுட்டு இருக்கறேன்!"

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா இதைத் திருத்தியாகணும். இப்படி விட்டுப்போன பீஸ் முந்நூறு வேணும். எல்லாத்துக்கும் சிவப்பு போட்டு மறுபடி படிக்க வைக்கணும். அப்புறம் இது யாருக்கும் பாவம் பார்க்காது. அவருக்கும்தான்."

அது அவளுக்கும் தெரியும்.

சென்னியப்பன் கை கழுவிவிட்டு வந்தான்.

"அண்ணா," என்றாள் ஷாமிலி, "வேஸ்ட் துணியில முந்நூறு பீஸ் தைச்சுத் தரணும். கழுத்துப் பட்டி விட்டுப்போன மாதிரி. கேமராவுக்குக் காட்ட."

"தப்பாவா? நானா?"

முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு. மேசையில் கிடந்த பனியனை எடுத்துக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.

"இது ஆரு தைச்சது? நல்லாத்தானே இருக்குது."

அவள் அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள். பட்டியோரம் கொண்டுபோய் ஓட்டைக்குள் நுழைத்தாள்.

விரல் அந்தப் பக்கம் வந்தது.

அவன் விரலையே பார்த்தான். அப்புறம் மேசைமேல் கிடந்த ஊசியைத் தடவிப் பார்த்தான்.

"எத்தனை நாளாப் புள்ள?"

"ஆறு மாசமா, மாமா. கேமரா வர்றதுக்கு முந்தியே."

விரலை உருவிக்கொண்டு பனியனை மேசைமேல் வைத்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். ஷாமிலியைப் பார்த்து, மிடுக்குக் குறையாமல் சொன்னான்.

"தப்பாத் தைக்கறதுன்னாலும் எங்க விடறோம்னு கண்ணுக்குத் தெரியோணுமில்லீங்க."

அவள் பக்கம் கையை நீட்டினான்.

"குடு அதை."

அவளுக்கு உடனே புரிந்தது. தீபாவளிக்கு வாங்கிய மூக்குக் கண்ணாடி. அவன் தொட்டும் பார்க்காதது. பைக்குள் சோற்று டப்பாவுக்கு அடியில் கிடந்ததை எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

மாட்டிக்கொண்டான். பனியனை எடுப்பான் என்று பார்த்தால், அவள் கையை எடுத்தான்.

ஆள்காட்டி விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாக ஊசி குத்திய தடம்.

மணி அடித்தது. ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள்.

"எல்லாரும் பார்க்கறாங்க, மாமா."

அவன் விடவில்லை.