தரையில் இறக்கிவிட்ட சேவல்

எழுமலைக்கு மேற்கே தாய்க்கோழிப் பண்ணையில், சாயங்கால வெயில் கம்பிக் கூண்டுகளின் வழியே விழுந்து தரையெல்லாம் கட்டம் போடுகிறது. சேவல்களின் முதுகைத் தடவி விந்து எடுத்துக் கோழிகளுக்கு ஏற்றும் வேலையை முத்துமீனா அநேகமாக முடித்துவிட்டாள். கடைசிக் கூண்டுச் சேவலிடம் மட்டும் இன்றும் ஒரு சொட்டுகூட வரவில்லை. அதைக் கறிக்குக் கொண்டுபோக வண்டி வாசலில் நிற்கிறது. “செத்தப் பொறுங்கண்ணே. கூண்டுக்குள்ளயே கெடந்து வெறுத்துப் போயிருக்கும். ஒரு கோழியோட விட்டுப் பாப்போம்” என்று வண்டிக்காரர் பால்பாண்டியிடம் சொல்லிவிட்டு, அதையும் ஒரு பெட்டையையும் நடைபாதையில் இறக்கி விடுகிறாள். மின்விசிறிகள் இரைகின்றன. சேவல் கழுத்தைச் சாய்த்துப் பெட்டையைப் பார்க்கிறது. சிவந்த கொண்டை லேசாக ஆடுகிறது. ஒரு காலை எடுத்து வைக்கிறது, அப்புறம் மற்றதை. முத்துமீனா மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அது பெட்டையை விலகிக் கடந்து நேரே அவளிடம் வந்து, முதுகைக் காட்டி நின்று, வாலைத் தூக்குகிறது. பின்னாலேயே வந்த பெட்டையும் அவள் காலடியில், சேவலுக்குப் படிவதுபோல், சிறகைத் தாழ்த்தி உட்காருகிறது. “என்ன தாயி இது?” என்கிறார் பால்பாண்டி. கையுறை மாட்டிய அவள் கை சேவலுக்கும் பெட்டைக்கும் நடுவில் அப்படியே நிற்கிறது.