பசுவந்தனை ரோட்டில் ஒரு ட்ரயல்

"டாக்டரம்மா, உங்க காரு ரெடியாயிருச்சா?" மருந்துக்கடை சங்கரபாண்டி ஃபோனில் கேட்டார்.

"இல்லையே அண்ணாச்சி. இன்னும் மெக்கானிக் ஷெட்லதான் நிக்குது."

"நிக்கலம்மா, ஓடுது. இப்பதான் பசுவந்தனை ரோட்டுல பாத்தேன். வேல்சாமி ஓட்டுதான். உள்ள நெருக்கியடிச்சு ஆளுக."

சுதாராணிக்குச் சுருக்கென்றது. கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப் போனவள் அவள். கிளட்ச் மிதிக்க முடியாது. அதற்காகவே கோவில்பட்டியில் யாரும் வாங்கத் தயங்கும் ஆட்டோமேட்டிக் காரைத் தேடிப் பிடித்து வாங்கினாள். புதன்கிழமைதோறும் அதில் பசுவந்தனைக்குப் போய் வைத்தியம் பார்த்துவிட்டு வருவாள்.

போன மாசம் அது நடுரோட்டில் நின்றுவிட்டது. இஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை.

மெக்கானிக் வேல்சாமி கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"உள்ள புஷ்ஷு தேஞ்சிருக்கும்மா. அது வழியா ஆயில் பிரஷர் கசிஞ்சு, பிளேட்டெல்லாம் வழுக்கிக் கருகிப்போச்சு. பிளேட்டு மெட்ராஸ்லருந்து வரணும். புஷ்ஷு கெடைக்காது, லேத்துல குடுத்துத்தான் கடையணும்."

அதற்கப்புறம் எப்போது கேட்டாலும், "ஆயிட்டே இருக்கும்மா."

பஸ் படி ஏற அவள் காலுக்கு முடியாது. பசுவந்தனை போவதும் நின்றுபோனது.

ஷெட்டில் கார் இல்லை. கழற்றிப் போட்ட கருகிய பிளேட்டுகள் ஒரு தகரத் தட்டில் கிடந்தன. பசுவந்தனையில் நோயாளிகள் வழிபார்த்துக் கிடக்கிறார்கள், இவன் என் வண்டியில் டாக்சி ஓட்டுகிறான். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது.

கார் வந்து வாசலில் நின்றது. இறங்கிய வேல்சாமி அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"வேலை முடிஞ்சத எங்கிட்ட சொல்லல. ஊரெல்லாம் ஆள் ஏத்திக்கிட்டுச் சுத்துதீங்க, என்ன?"

"நேத்துதாம்மா மாட்டி முடிச்சேன். பாரம் ஏத்தி ஓட்டிப் பாத்தாத்தான் பிளேட்டு வழுக்குதா, ஆயில் சூடாகுதான்னு தெரியும்."

"பாரம்னா மணல் மூட்டைய ஏத்துங்க. அடுத்தவ வண்டியில ஆள் ஏத்துதது என்ன பழக்கம்?"

"கேக்காம எடுத்தது தப்புதாம்மா."

"சாவியக் குடுங்க."

சாவியைத் துணியில் துடைத்து அவள் கையில் வைத்தான்.

பின்கதவு திறந்தது. முதலில் ஒரு கட்டுப்போட்ட கால் தரையைத் தொட்டது. சர்க்கரைப் புண்ணோடு அல்லாடும் பசுவந்தனை சீனித்தாய். அவளுக்குப் பின்னால் நிறைமாதக்காரி ஒருத்தி. அப்புறம் மாரைப் பிடித்து இருமிக்கொண்டே சிவனாண்டி. எல்லாம் அவளுடைய புதன்கிழமை ஆட்கள்.

"கிளினிக்கு பூட்டிக் கெடந்துச்சு தாயி. அதான் இங்கன கூட்டியாந்துட்டாரு" என்றாள் சீனித்தாய்.

சுதாராணி வேல்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குனிந்து, வண்டிக்கு அடியில் ஆயில் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சீனித்தாய் மெல்ல நடந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த டாக்டரு தாயி சீக்காளிக்குக் காரு அனுப்புவாக? 'டாக்டரம்மா அனுப்பிவிட்டாக, ஏறுங்க'ன்னு இவரு வீடு வீடா வந்து கூப்பிட்டப்ப, எங்களுக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு."