சூடு ஆறும்வரை

“இண்டைக்கும் போத்திலிலை தண்ணி இல்லை!”

வாகீசனுக்கு எரிச்சல் வந்தது. நைட்ரோ எண்ணெயில் ஓடும் அவனுடைய விளையாட்டு ரிமோட் காரின் எஞ்சின் பத்து நிமிடத்தில் கொதித்து நின்றுவிடும். அதற்காகவே பழுதான பிரிட்ஜின் செப்புக் குழாயை எஞ்சினில் சுற்றி, சேலைன் ரியூப்பும் மீன்தொட்டி மோட்டரும் பூட்டி, மருந்துப் போத்தல் ஒன்றைத் தண்ணீர்த் தாங்கியாக்கியிருந்தான். முதல் நாள் கார் எண்ணெய் விட விட நிற்காமல் ஓடியது. அடுத்த நாளிலிருந்து, காரை ஓட்ட வயலுக்குப் போய்ப் பார்த்தால், வீட்டில் நிரப்பி வைத்த போத்தல் வெறுமை. ஒழுக்கோ என்று மூட்டுக்கு மூட்டு சொலூசன் பசை பூசியும் பார்த்துவிட்டான்.

இன்று வீட்டிலிருந்து புறப்படுமுன்னே பார்த்துவிட்டான்; முற்றத்து மல்லிகையின் அடி மட்டும் ஈரமாயிருந்தது. “உந்த எண்ணெய் மணம் எனக்கு ஒத்துவராது” என்று கார் வாங்கிய அன்றே முகம் சுளித்த மனைவி சியாமளா, உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீர்தானே தண்ணியை ஊத்தினது?”

“ஓம்.”

“மணம் பிடிக்கேல்லையெண்டா வாயாலை சொல்லலாம்தானே?”

“மணம் எனக்கு எப்பவோ பழகிட்டுது.” அவள் நிமிரவில்லை. “முந்தி எஞ்சின் கொதிச்சா, சூடு ஆறும்வரைக்கும் வரம்பிலை என்னோடை இருந்து கதைப்பியள். உந்தத் தண்ணிப் போத்திலைப் பூட்டின நாளிலை இருந்து ஒரு சொல்லுக் கதைச்சனீங்களோ?”

வாகீசன் போத்தலை நிரப்பாமலே காரைத் தூக்கினான்.

“பிளாஸ்கிலை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாரும்.”