டிவிக்குப் பின்பக்கம்

"அப்பா, டிவியை ஆஃப் பண்ணுங்க. எனக்கு வேணும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்திருக்கிறாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா மறுபேச்சில்லாமல் அணைத்தார். எனக்கே ஆச்சரியம்.

பத்து மணிக்கு வேலைக்கான தேர்வு. கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், ஃபோனில் திறக்காது. என்னுடையதோ கல்லூரியில் பழசென்று கழித்துப் போட்டது. அதன் மானிட்டர் நேற்று சாயங்காலம் புகைந்து செத்தது. காலையில் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டிக்கொள்கிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

வேலை கிடைத்தால் வேறு ஊர். அதையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

டிவி சுவரோடு ஒட்டியிருந்தது. இடுக்கில் கையை விட்டுத் தடவினேன். கம்ப்யூட்டர் ஒயரின் நீல முனை உள்ளே போகவில்லை. திருப்பிப் பிடித்தேன். போகவில்லை. அழுத்தினேன். விரல்தான் கிழிந்தது.

"கம்ப்யூட்டர் படிச்ச மேடத்துக்கு ஒரு ஒயரைச் சொருக இவ்ளோ நேரமா?" என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. வீட்டில் எது ஓடாவிட்டாலும் பழி என் படிப்பின் மேல்தான், மிக்சி உட்பட.

ஒருவேளை எனக்குத்தான் தெரியவில்லையோ? அத்தனை வருஷம் என்னத்தைப் படித்துக் கிழித்தேன்?

பத்தாகப் போகிறது. டிவியை இழுத்துத் தரையில் குப்புறப் போட்டேன்.

ஒயர் சொருகும் வாய் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பசை. கட்டைவிரலால் வழித்து, மட்டமாக, சுத்தமாகப் பூசியிருந்தது. அப்பாவுக்குக் குழாய் வேலை. கசிவை அடைக்க அவர் பிசைந்து வைக்கும் அதே பசை.

"அதுவா? டிவி வாங்கின அன்னிக்கே அடைச்சதும்மா. எறும்பு உள்ள போய்க் கூடு கட்டுதுல்ல."

ஹேர்பின்னை எடுத்துச் சுரண்டினேன். மாவில் இறங்குவதுபோல இறங்கியது. உள்ளே ஊசித் துளைகள் ஒன்றுவிடாமல் அடைந்திருந்தன.

அந்தப் பசை ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டு.

"விடு. அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றார் அப்பா. குரலில் அவ்வளவு கனிவு.

டிவியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தேன். ஆன் பண்ணினேன். ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

உள்ளே போய்ச் சான்றிதழ் ஃபைலைப் பையில் போட்டேன். கொடியில் கிடந்ததையெல்லாம் உருவி அதன்மேல் திணித்தேன்.

"நெட் சென்டருக்காடி?" அம்மா வாசல்வரை ஓடி வந்தாள். "பரீட்சைக்கு எதுக்குடி இவ்ளோ துணி?"

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.