ஒரே வசனம்

பிணமாகக் கிடந்த பையன் தும்மிவிட்டதால் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்து மணல். வெள்ளைக்காரன் காலத்தில் ரயிலைக் கவிழ்த்த காலேஜ் பையன்களைப் பற்றிய படம். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து லாரியில் வந்த பெண்களில், சுடப்பட்டவனின் தாயாக நிற்க சகாயம்மாளைப் பிடித்திருந்தார்கள். கழுத்துச் சிலுவையைக் கழற்றி வாங்கிக்கொண்டு குங்குமம் வைத்துவிட்டார்கள்.

ஒரே வசனம். போலீஸ் கேட்கும்போது, இவன் தன் மகன் இல்லை என்று சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் வீட்டிலிருக்கும் இளையவனையும் பிடித்துப் போவார்கள் என்று டைரக்டர் விளக்கினார்.

விளக்கியிருக்க வேண்டியதில்லை.

"இவன் என் புள்ள இல்லீங்க."

குரல் பிசிறவில்லை. ஆனால் பையனின் காலைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். மறுபடி எடுத்தபோதும் காலைத்தான்.

"பெத்தவ மொகத்தைல்ல பாப்பா? மொகத்தைப் பாத்து சொல்லுங்கம்மா."

"மொகத்தைப் பாத்தா சொல்ல வராதுங்க."

வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். சகாயம்மாள் நகரவில்லை. தானே சொல்வதாகச் சொன்னாள்.

பார்த்தாள்.

மூடிய இமைகள். அரும்பு மீசை. நெற்றியில் சிவப்புச் சாயம். உதட்டோரத்தில் ஒட்டியிருந்த மணல்.

சொன்னாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பையன் கண்ணைத் திறந்து எழுந்தான். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு டீ கொடுக்கும் பக்கம் போனான்.

அவன் போவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டு டோரதி கூட்டத்திலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பம்பாயிலேருந்து உங்க புள்ள விக்டர் வந்தா இந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்க்கா."

போகணும் என்றாள் சகாயம்மாள்.

மூன்று வருஷத்துக்கு முன், இந்தி எதிர்ப்புக் கலவரத்தில், ரயில் பெட்டியைக் கொளுத்தியவர்களைப் போலீஸ் சுட்ட மறுநாள், அவளை ஆஸ்பத்திரி சவக்கிடங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பின்னால் அவள் புருஷன், ஒத்துக்கொண்டால் பறிபோகும் ரயில்வே காக்கிச் சட்டையோடு, சுவரைப் பார்த்து நின்றார்.

துணியைக் கால் பக்கமிருந்து விலக்கினார்கள். வலது பெருவிரலில் நகம் இல்லை. பந்து விளையாடி, பத்து வயதில் பெயர்ந்து, திரும்ப முளைக்காத நகம்.

முகம் வருவதற்குள் சொல்லிவிட்டாள்.