விவரம் தருவதற்கில்லை

"அந்த விவரத்தைத் தர முடியாதுங்க," என்றாள் பதிவு அதிகாரி, மூன்றாவது முறையாக.

எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

இன்டர்நெட்டில் எந்த முகவரி எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று பதிந்து வைக்கும் அலுவலகம் அது. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அவரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன் கோபித்துக்கொண்டு போன தங்கையிடமிருந்து போன மாதம் ஒரு மெயில். 'நல்லா இருக்கேன்' என்று ஒரே வரி. பதில் போட்டால் திரும்பி வந்தது. மெயிலோடு வந்த முகவரி எண்ணைப் பதிவேட்டில் தேடினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தனிநபர்' என்றிருந்தது. விலாசம் இருக்க வேண்டிய இடம் காலி.

வீட்டிலிருந்தே தொழில் நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டால் அப்படி மறைப்பதுண்டு. முழு விவரம் அதிகாரியின் திரையில் மட்டும்தான் தெரியும்.

"அவளைப் போன்னு சொன்னதே நான்தாங்க," என்றார் அவர். "இப்போ வீட்டைக் காலி பண்றோம். என்னைக்காவது அவ திரும்பி வந்தா, யாரோ கதவைத் திறப்பாங்க."

ஊர்ப் பெயரையாவது சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். விதியில் இடமில்லை என்றாள். வந்து போகிறவர்களுக்கான நோட்டில் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதிவிட்டுப் போகச் சொன்னாள். அவர் எழுதிவிட்டுப் போனார்.

பக்கத்து மேஜைக்காரருக்கு மனசு ஆறவில்லை. இரண்டு தட்டு தட்டினால் தெரிந்துவிடும் விஷயம். இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரி உண்டா என்று முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அவள் போனில் இருந்தாள்.

"உங்களைப் பத்தி நான் எதுவும் சொல்லலைங்க. உங்க அண்ணன் புது விலாசத்தை எழுதிட்டுப் போயிருக்கார். படிக்கட்டுமா? வேண்டாம்னா வெச்சிடறேன்."

"இருங்க, பேனா எடுத்துக்கறேன்," என்றது மறுமுனைக் குரல். அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு வீட்டு எண், தெரு, போன் நம்பர் என்று ஒவ்வொன்றாக, இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள்.

போனை வைத்ததும், இப்போது மட்டும் விதி எங்கே போயிற்று என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர்.

"அவங்க எங்க இருக்காங்கன்னு இவருக்குச் சொல்லக் கூடாதுன்னுதான் விதி," என்றாள், அடுத்த மனுவைப் பிரித்தபடி. "இவர் தேடறார்னு அவங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்கயும் எழுதலையே."