தோளில் நான்கு விரல்கள்

முதல் படத்தை மாற்றி முடித்ததும் அக்கா காணாமல் போனாள்.

அவன் மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

நாளை மறுநாள் அம்மாவுக்கு வருஷ திதி. பழைய கேமராவில் எடுத்த படங்களைப் புது டிவி திறக்க மாட்டேன் என்றது. சொந்தக்காரர்கள் வரும்போது ஓடவேண்டும், எல்லாவற்றையும் வேறு வகைக் கோப்பாக மாற்றிவிடு என்றிருந்தார் அப்பா. இருநூற்றுப் பதினான்கு படங்கள். அரைமணி நேர வேலைதானே என்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தான்.

பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பக்கத்திலும் தபால்தலை அளவில் ஒரு படம்.

அதில் அக்கா இருந்தாள்.

இருக்கக் கூடாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவளை வெட்டி எடுத்தவனே அவன்தான்.

அக்கா வளர்மதி வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு போன மூன்றாம் நாள், குடும்பமே பவானி கூடுதுறைக்குப் போய் அவளைத் தலைமுழுகிவிட்டு வந்தது. ஈரத் துண்டு காய்வதற்குள் அப்பா ஆல்பங்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். கம்ப்யூட்டரில் இருந்தவை அவன் பொறுப்பு.

அக்கா நல்ல உயரம். எந்தப் படத்திலும் ஓரத்தில்தான் நிற்பாள். வெட்டுவது சுலபமாக இருந்தது.

அன்று அவனுக்கு அழுகை வரவில்லை. வேலை சுத்தமாக முடிந்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒரே ஒரு படத்தில் மட்டும் அவள் கை மாட்டிக்கொண்டது. அம்மாவின் தோளில் நான்கு விரல்கள். அதையும் வெட்டப் போனால் அம்மாவின் கன்னமும் சேர்ந்து போய்விடும். விட்டுவிட்டான்.

அம்மா அந்தப் படத்தைத்தான் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா போனபோது வளர்மதிக்கு யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை.

அன்றைக்கு வெட்டுப்பட்டது பெரிய படம் மட்டும்தான் போலிருக்கிறது. எடுத்த நேரத்திலேயே கேமரா உள்ளே ஒரு குட்டிப் படத்தைப் போட்டுவைத்திருக்கிறது. அது அவன் கத்தரிக்குத் தப்பிவிட்டது. கோப்பை மாற்றினால் அதுவும் போகும். அவள் முகம் வேறெங்கும் இல்லை.

மாற்றியவுடன் பழையது அழிந்துவிட வேண்டும் என்று அவனே ஒரு டிக் குறி போட்டிருந்தான். இடம் அடைக்குமே என்று.

ஒன்று போய்விட்டது. இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. மூடிவிடலாமா என்று போன கை பாதியில் நின்றது.

தோளுக்கு மேலாக அப்பாவின் விரல் நீண்டது. அம்மா வாங்கிவைத்துக்கொண்ட அந்தப் படத்துக்கு நேராக வந்து நின்றது.

"அதையப் பெருசு பண்ணு, கண்ணு."

பண்ணினான். தபால்தலைக்குள் எவ்வளவு இருந்துவிடப் போகிறது. முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. மூக்கு ஒரு கட்டம். பொட்டு ஒரு கட்டம். யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். இன்னும் ஓரடி. சோபா தடுத்தது. சுற்றிக்கொண்டு போனார். கடைசியில் வாசல் நிலையில் முதுகு முட்டியது.

அங்கேயே நின்றுவிட்டார்.

அவன் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தான்.

அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது கட்டங்களே தெரியவில்லை. அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அக்கா சிரித்தாள்.

அவன் திரும்பி வந்து, பழையதை அழிக்கச் சொல்லும் அந்தக் குறியை எடுத்தான்.

அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், வாசலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.